லகாட் தோட்டத்துக் கார்புரேட்டர்

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான லகாட்டைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டம். மழைக்கு முந்தைய இருட்டு. அறுபதுகளில் வந்த என் எட்டு சிலிண்டர் அமெரிக்கக் காருக்கு அசல் கார்புரேட்டர் தேடி அலைகிறேன். ஈப்போவில் பழைய இரும்புக் கடைகள் எல்லாம் கைவிரித்துவிட்டன. தோட்டத்துத் துரை விட்டுப்போன அதே மாதிரிக் கார் இங்கே கிடப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறேன்.

கார் இல்லை. அதன் எஞ்சின் மட்டும் கிணற்றடியில் மரக்கட்டைகள் மேல் உறுமிக்கொண்டு, தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் இறைக்கிறது. நிர்வாகம் பம்பு மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனபின் தோட்டத்து ஆட்களே இதைப் பொருத்தினார்களாம். குனிந்து பார்க்கிறேன். கார்புரேட்டரில் நான் தேடும் அதே எண்.

"கழட்டிக்கோங்கண்ணே," என்கிறார் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியம்.

"அப்ப தண்ணிக்கு?"

"தோட்டத்த வித்தாச்சுலா. நாளைக்குக் காலையில லோரி வருது. எல்லாரும் பத்து காஜா டவுன் பக்கம் குடி போறோம்."

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஸ்பேனரை எடுக்கிறேன்.

"கொஞ்சம் இருங்கண்ணே. அவ ஊத்தி முடிக்கட்டும்."

அவர் மனைவி குழாயில் வாளியை நிரப்பி, வீட்டு வாசலில் நிற்கும் கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றுகிறார். மூட்டை முடிச்சுகள் கதவோரம் தயாராக இருக்கின்றன.

"மழை வரப்போகுதேண்ணே," என்கிறேன்.

"தெரியும்லா," என்கிறார் ஆரோக்கியம், எஞ்சினைப் பார்த்தபடி.

முதல் துளிகள் சூடான எஞ்சின்மேல் விழுந்து ஆவியாகின்றன. அந்தப் பெண் நனைந்தபடியே மறுபடியும் வாளியைக் குழாயடியில் வைக்கிறார்.