நடுங்கும் ஊரில் ஒரு சவரக்கத்தி

ஊரில் அவரைப் பட்டுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். கடைத்தெரு முனையில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் அவருடையது. வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் ஒற்றி, நுரை பூசி, கத்தியை எடுத்தாரென்றால் அது போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. பாதிப் பேர் சவரம் முடிவதற்குள் குறட்டை விட்டுவிடுவார்கள்.

மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய ஒரு காலையில் அலமாரியில் இருந்த சென்ட் பாட்டில்கள் கிணுகிணுத்தன. லாரி போகிறது என்று எட்டிப் பார்த்தார். தெருவில் சைக்கிள்கூட இல்லை. மத்தியானம் இன்னொரு தரம். மறுநாள் பல தரம். எதுவும் விழவில்லை, உடையவில்லை. ஆனால் அதிர்வு நிற்கவும் இல்லை. வாரக்கணக்கில் பூமி விக்கல் எடுத்தது போல் நடுங்கிக்கொண்டே இருந்தது.

முதல் அடி பட்டுக்கையின் தொழிலுக்குத்தான். "முடி மட்டும் வெட்டுங்க, கத்தி வேணாம்" என்றார் பேருந்து நடத்துனர். "உங்க கையை நம்புறேன். பூமியைத்தான் நம்ப முடியல." சுயமாகச் சவரம் செய்துகொள்ளவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. கொஞ்ச நாளில் ஊரே தாடி வளர்த்தது. வங்கி மேலாளரும் வங்கி வாசல் காவலாளியும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தார்கள்.

பட்டுக்கைக்கு ஒரு அக்கா. பக்கத்து வீட்டில் தையல் மெஷினோடு தனியாக இருப்பவர். ஊரில் முன்பு ஒரு பெரிய பூகம்பம் வந்தபோது தம்பிக்கு நடை பழகுகிற வயதுதான். அக்கா அவரைப் போர்வையோடு சேர்த்து வாரிக்கொண்டு வெளியே ஓட, பின்னாலேயே வீடு உட்கார்ந்துவிட்டது. அந்தத் தெருவில் பலர் வெளியே வரவேயில்லை. இப்போது முதல் அதிர்வு வந்த அன்றே அக்கா பழைய திரைச்சீலைகளை ஒட்டுத் தைத்து முற்றத்தில் கூடாரம் போட்டுவிட்டார். எவ்வளவு கெஞ்சியும் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை.

"சும்மா இருந்தா கை துருப்பிடிச்சிடும்" என்று பட்டுக்கை ஒருநாள் பலூனை ஊதி, நுரை பூசி, அக்கா கையில் கொடுத்து, அதன்மேல் கத்தியை ஓட்டிப் பழகினார்.

"ஊசி பட்டாலே வெடிக்கிற சாமான்டா இது."

"அதனாலதான்க்கா பழகறேன்."

அதிர்வு வரும்போதெல்லாம் பலூன் வெடித்தது. நுரை தெறித்து அக்காவின் மூக்குக்கண்ணாடி மறைந்தது. ஆனால் அப்படிப் பழகியதில் ஒன்று பிடிபட்டது. ஆட்டம் வருமுன் காலுக்கடியில் யாரோ கதவைத் தட்டுவது போல 'டொக்' என்று ஒரு சின்னத் தட்டல். அதற்கப்புறம்தான் ஆட்டம். தட்டல் வந்ததும் கத்தியை எடுத்தார். அந்தப் பலூன் பிழைத்தது.

அந்த வாரம் நடுக்கத்தை அளக்கக் கருவிகளோடு ஒரு பூகம்ப ஆய்வாளர் வந்திருந்தார். காடு மேடெல்லாம் சுற்றியதில் முகத்தில் புதர் மண்டியிருந்தது. "சாயங்காலம் பள்ளிக்கூடத்துல ஊர்க்கூட்டம். டி.வி.ல காட்டுவாங்களாம். இந்த மூஞ்சியோட நின்னா வீட்ல வசவு விழும்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

பட்டுக்கை தட்டலைப் பற்றிச் சொன்னதும் ஆய்வாளர் நுரையோடு நிமிர்ந்தார். "சரியாத்தான் கவனிச்சிருக்கீங்கண்ணே. ரெண்டு விதமான அலை கிளம்பும். வேகமானது முதல்ல வந்து தட்டும். பலமா ஆட்டுறது பின்னாடி வரும். அடியில இருக்கற பாறை வெடிப்பு நமக்கு ரொம்பக் கிட்ட இருக்கறதால நடுவுல ஒரு நொடி கிடைச்சாலே பெருசு."

"ஒரு நொடி தாராளம் சார். தலையை ஆட்டாதீங்க."

தாடையில் கத்தி இருக்கும்போதே தட்டியது. கத்தி விலகியது. நாற்காலி குலுங்கி ஓய்ந்தது. கத்தி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆய்வாளர் மூச்சு விட்டார்.

கூட்டத்தில் அவருடைய மழமழத்த முகத்தைப் பார்த்துத்தான் முதலில் சலசலப்பு. பிறகு நடத்துனர் எழுந்தார். "சின்னச் சின்னதா வந்து பாரம் குறையுது, அதனால பெருசு வராதுன்னு சொல்றாங்களே?"

"அது ஆறுதல் பேச்சு. ஒரு பெரிய பூகம்பத்தோட பலத்தைக் கரைக்க, இந்த மாதிரி சின்னது பத்தாயிரக்கணக்குல வேணும். வழக்கமா பெருசு ஒண்ணு வரும், சின்னதெல்லாம் அதுக்கு வாலா வரும். இதுல தலையும் இல்ல, வாலும் இல்ல. பாறை வெடிப்புக்குள்ள தண்ணி நுழைஞ்சு வழுக்கிவிடுது போலத் தெரியுது. இப்படிக் கூட்டமா வர்றது பெரும்பாலும் தானா அடங்கிடும். பெருசு வரவே வராதுன்னு மட்டும் என்னால சத்தியம் பண்ண முடியாது."

அக்கா எழுந்தார். "அந்தப் பழைய பூகம்பத்துல எங்க வீட்டை எது தள்ளுச்சு?"

ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். "பழைய படங்களைப் பார்த்தேன்மா. இரும்பே இல்லாத செங்கல் சுவர், மேல கனமான கூரை. ஆட்டினது பூமி. ஆளைக் கொன்னது சுவர்."

மறுநாளே கொத்தனார் வந்து அக்காவின் இப்போதைய வீட்டைத் தட்டிப் பார்த்தார். தூணிலும் சுவரைச் சுற்றிய கான்கிரீட் பட்டையிலும் கம்பி இருந்தது. கட்டிலை ஒட்டியிருந்த இரும்பு பீரோவைச் சுவரோடு திருகாணி போட்டு முடுக்கச் சொன்னார். பட்டுக்கையும் சலூன் கண்ணாடியை எட்டு இடத்தில் முடுக்கினார். அக்கா இரண்டு நாள் யோசித்து, கூடாரத்தைப் பிரித்து, தையல் மெஷினுக்கு உறையாக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அப்புறம் வந்தது அந்தத் தொடரிலேயே பெரியது. நாற்காலியில் தலைமை ஆசிரியர், ஒரு கன்னம்தான் முடிந்திருந்தது. தட்டல் இந்தத் தடவை இடியாக இருந்தது. "மேசைக்கடியில, சார்" என்று கத்தியை மடக்கி, அவரையும் இழுத்துக்கொண்டு பட்டுக்கை குனிந்தார். ஊரே சல்லடையில் போட்டுச் சலித்தது போல் ஆடியது. கண்ணாடி அசையவில்லை. சென்ட் பாட்டில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆட்டம் நின்றதும் பக்கத்து வீட்டிலிருந்து குரல். "தம்பி, இருக்கியாடா?"

"இருக்கேன்க்கா. வாசனையா இருக்கேன்."

ஊரில் ஓடுகள் சரிந்தன, பழைய மதில் ஒன்று விழுந்தது. ஆளுக்குச் சேதமில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. தலைமை ஆசிரியர் மறு கன்னத்தையும் முடித்துக்கொண்டுதான் எழுந்தார். தெருவெல்லாம் அதையே பேசியது.

அதன்பின் நடுக்கங்கள் இடைவெளி விட்டு, இளைத்து, மறந்தே போயின. சலூன் வாசலில் தாடிகள் வரிசை கட்டின. பட்டுக்கைக்கு மணிக்கட்டு வீங்க, அக்கா தைலம் தேய்த்துவிட்டார். வங்கிக் காவலாளி மட்டும் வரவில்லை. ஒருநாள் அவர் மனைவியே அவரைக் கையோடு கூட்டிவந்தார்.

"எடுத்துடாதீங்கண்ணே. இப்பத்தான் பார்க்க ஆள் மாதிரி இருக்காரு. ஓரத்தை மட்டும் அழகா ஒதுக்கி விடுங்க."

காவலாளி கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். வெட்கம் தாடிக்குள் ஒளிந்துகொள்ள, பட்டுக்கை சிரித்தபடி சீப்பை எடுத்தார்.