பெருங்காற்று நாளில் மலாக்கி லேவின்

அயர்லாந்தில், ராஸ்காமன் பக்கத்தில் அட்ராக்டாவின் குரல் கேட்டால் அடுப்படியில் பேச்சு நின்றுவிடும். உள்ளூர் ரேடியோவில் பல வருஷமாக மத்தியானச் சாவு அறிவிப்பு வாசிப்பவள் அவள்தான். யார் போனார்கள், எந்தக் கோவிலில் பூசை, எப்போது அடக்கம் என்று முடித்த கையோடு, 'இதே நாளில்' என்று பழைய சரித்திரம் இரண்டு சொல்லுவாள். சாவு முடிந்ததும் பாதிப்பேர் காதைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

அதைவிடப் பெரிய மனத்தாங்கல் அண்ணன் மலாக்கி லேவினோடு. அம்மா இறந்தபோது அறிவிப்பை அட்ராக்டாவேதான் வாசித்தாள். துக்கத்தில், உறவினர் பட்டியலில் தன் புருஷன் பேரை முதலில் சொல்லி, மலாக்கி பேரை அப்புறம் சொல்லிவிட்டாள். பெற்ற மகன் இருக்க மருமகன் முந்தலாமா? அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளும் இறங்கிப்போகவில்லை. லேவின் வம்சத்தில் ரோஷத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. ஏழு வருஷம் ஓடிவிட்டது. மலாக்கிக்குக் கல்யாணமும் ஆகவில்லை, இதயமும் சரியில்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவாள்.

அன்று ஜனவரி ஆறு, பெண்களின் கிறிஸ்துமஸ். ஆண்கள் வீட்டில் கரண்டி பிடிக்க, பெண்கள் ஹோட்டலில் கால்மேல் கால் போட்டுச் சாப்பிடும் நாள். அட்ராக்டா அன்றைய சாவுகளை முடித்துவிட்டு 'இதே நாளுக்கு' வந்தாள். பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று 1922இல் டப்ளினில் நடந்த வாக்குவாதத்தைச் சொன்னாள். 1839இல் நாட்டையே புரட்டிப்போட்ட பெருங்காற்றைச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் காற்றில் புகைபோக்கி இடிந்து டெர்ரிமோர் கிராமத்து மலாக்கி லேவின் இறந்துபோனார் என்று, தங்கள் முப்பாட்டனையும் கூடச் சேர்த்துக்கொண்டாள்.

வேலை முடிந்து ஹோட்டலுக்குள் நுழைந்ததும் தோழி பிரீட் காஃபர்கி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசைத் தேத்திக்க அட்ராக்டா. மலாக்கி போயிட்டானாமே? எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் போன் பண்ணாரு."

யார் சொன்னார்கள் என்றுகூட அட்ராக்டா கேட்கவில்லை. காரை எடுத்தாள். ஊரில் அத்தனை பேர் சாவையும் வாசித்தவளுக்கு, சொந்த அண்ணன் சாவு அடுத்தவள் வாயால் தெரியவேண்டியிருந்தது. "மன்னிச்சிடு மலாக்கி, மன்னிச்சிடு" என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள்.

டெர்ரிமோரில் அண்ணன் வீட்டு முற்றத்தில் காரும் டிராக்டருமாக நின்றன. உள்ளே அண்டை வீட்டு ஆண்கள், கட்டிய ஏப்ரனோடு, பன்றித்தொடைக் கறியும் ஆப்பிள் கேக்கும் ஏந்திக்கொண்டு அசடு வழிய நின்றிருந்தார்கள். நடுவில், அடுப்பருகே, மலாக்கி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

அவரவர் அடுப்படியில் வறுக்கிற சத்தத்தில், ரேடியோவில் சொன்னதில் அவர்கள் காதில் விழுந்தது பேரும் ஊரும் இறந்த சேதியும்தான். வருஷம் விழவில்லை. நிதானமாக யோசித்திருந்தால் அவளுக்கே விளங்கியிருக்கும். யோசிக்கிற நிலையிலா இருந்தாள்?

அட்ராக்டா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது.

"இந்த மடையனுங்களுக்குத்தான் காது அடைச்சிருந்துச்சு. நான் முழுசாக் கேட்டேன். பாட்டன் கதைய நல்லாத்தான் சொன்னே" என்றான் மலாக்கி.

"நீ... என் நிகழ்ச்சியக் கேப்பியா?"

"ஒருநாள் விட்டதில்ல."

அவன் ஒரு கோப்பையை அவள் கையில் திணித்தான். கோப்பையை விடாமல் தானும் பிடித்துக்கொண்டான்.

"நான் செத்தா இவ வருவாளா மாட்டாளான்னு ஏழு வருஷமா ஒரே யோசனை எனக்கு" என்றான் மெதுவாக. "உயிரோட இருக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. நல்லதாப் போச்சு."