ஞானசேகரன் உருட்டிய சிவப்புப் பந்து

ஞானசேகரன் எனக்கு அக்கா புருஷன். கடலூர்–சிதம்பரம் ரூட்டில் தனியார் பஸ் டிரைவர். அவர் எதையும் அவசரமாகச் செய்து நான் பார்த்ததில்லை. இட்லியைப் பிட்டு, சட்னியில் தொட்டு, வாயில் வைப்பதற்குள் நம் தட்டு காலியாகிவிடும். பிரேக்கையும் அப்படித்தான் மிதிப்பார். ஆலப்பாக்கத்தில் கண்ணை மூடியவன் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் தட்டினால்தான் எழுந்திருப்பான். பிள்ளைத்தாய்ச்சிகள் வந்த வண்டியை விட்டுவிட்டு அவர் வண்டிக்காக நிற்பதுண்டு.

அப்படிப்பட்ட மனுஷனுக்குப் போன வருஷம் வலது தோள் இறுகிப்போனது. கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை, அக்காதான் மாட்டிவிட்டாள். மருந்து, பயிற்சி என்று மாசக்கணக்கில் அலைந்து ஒருவழியாகச் சரியானது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் பஸ் முதலாளி செந்தமிழ்செல்வன் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பாதவர். அத்தனை உயிர் ஏறுகிற வண்டி, அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆயுத பூஜை முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லி, மாமாவை ஷெட்டில் டயருக்குக் காற்று பார்க்கிற வேலையில் வைத்திருந்தார். அக்கா ராத்திரியில் சரியாகத் தூங்கியே வெகுநாளாகியிருந்தது.

நான் வேலை பார்ப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் இருக்கிற விளையாட்டுக் கூடத்தில். நீளமான மரப்பாதை, அதன் கடைசியில் பத்துக் கட்டைகள். விரல் நுழைக்க மூன்று ஓட்டை போட்ட கனத்த பந்தை உருட்டிவிட்டுக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். பவுலிங் என்பார்கள். வருகிறவர்களுக்கு ஷூ கொடுப்பது, பந்தைத் துடைத்து வைப்பது என் வேலை. பஸ்காரர்களுக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போய், ஆயுத பூஜை கழிந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்குக் கம்பெனி போட்டி வைப்பது வழக்கமாகிவிட்டது. மாமா உருட்டுவதும் மெதுவாகத்தான். ஆனாலும் கட்டை விழும். அதனால் அவர் எப்போதும் டீமில் உண்டு.

முதலாளி அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"தோளு சரியாயிட்டுதுன்னா ஞாயித்துக்கெழம தெரிஞ்சிடும். பந்து நேரா போச்சின்னா மறுநாளு வண்டிய எடு" என்றாராம்.

சனிக்கிழமை மத்தியானம் கூடம் காலியாக இருந்த நேரத்தில் மாமா பழகிப் பார்க்க வந்தார். வழக்கமாக எடுக்கிற கறுப்புப் பந்தையே எடுத்தார். சென்னையிலிருந்து வாங்கி வந்த உசத்தியான பந்து, மேலே உப்புத்தாள் தேய்த்த மாதிரி சொரசொரப்பாக இருக்கும். பந்து பாதி தூரம் ஒழுங்காகப் போனது. அப்புறம் யாரோ கூப்பிட்ட மாதிரி இடது பக்கம் திரும்பி ஓரப் பள்ளத்தில் விழுந்தது. மறுபடி உருட்டினார், மறுபடி பள்ளம். மாமா பந்தைப் பார்க்கவில்லை. தன் தோளைப் பார்த்தார்.

"போயிட்டுது மச்சான்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பேசாமல் உட்காரும் என்று அதட்டினேன். மெதுவாக உருட்டுகிறவர்களுக்கு லேசான பந்து கொடுப்பதுதான் என் வழக்கம். பிள்ளைகள் உருட்டுகிற பச்சைப் பந்தைக் கொடுத்தேன். அது நேராகத்தான் போனது. போய், முன்கட்டையில் முட்டி, பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. பாதிக் கட்டைகூட விழவில்லை.

"மொதலாளி எதிர்ல இத உருட்டுறதுக்கு, டயருக்குக் காத்தே அடிச்சிட்டுப் போறேன்" என்றார் மாமா.

கனமான பந்தைக் கொடுத்தேன். கை தாழ்ந்து, தொம்மென்று தரையில் போட்டார். ஆறின தோள் மறுபடி கெட்டுவிடப் போகிறதென்று அதைப் பிடுங்கி வைத்தேன்.

திரும்பி வந்த பந்துகளைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். துணி காய்ந்து கிடந்தது. பாதைமேல் எண்ணெய் பூசியிருப்பார்கள். உருண்டு வரும் பந்தில் அது வளையமாக ஒட்டியிருக்கும். சாயங்காலத்துக்குள் துணி நனைந்துவிடும். குனிந்து மரத்தைத் தொட்டேன். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. கூடம் பெருக்குகிற மங்கலத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பூஜைக்குக் கழுவ வாணாமாண்ணே? ஒரே எண்ணப் பிசுக்கு. சோப்புத் தூளு போட்டுத் தேச்சி எடுத்தேன். சாமி கும்புடுற எடத்த அப்பிடியேவா வுடுவாங்க?" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

அவளை என்ன சொல்ல முடியும்? ஆயுத பூஜைக்கு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காதவன் யார்? எண்ணெய் பூசுகிற ஆள் வாரம் ஒருமுறை பாண்டிச்சேரியிலிருந்து வருவார். பூஜை லீவு முடிந்து திங்கட்கிழமைதான் வருவார். போட்டியோ மறுநாள்.

மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். எண்ணெய் இருந்தால் பந்து வழுக்கி நேராகப் போகும். இல்லாவிட்டால் தரையைப் பிடித்துத் திரும்பும். வேகமாக விடுகிறவன் பந்து திரும்புவதற்குள் கட்டையில் போய் இடித்துவிடும். மெதுவாக விடுகிறவன் பந்துக்குத் திரும்ப நேரம் ஜாஸ்தி. மாமாவுக்கு ஸ்டியரிங் பிடித்த பழக்கத்தில், விடும்போது மணிக்கட்டும் லேசாகத் திரும்பும். போதாததற்கு அந்தக் கறுப்புப் பந்து புது டயர் மாதிரி தரையைக் கவ்வுகிறது.

மாமா கறுப்புப் பந்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்ப மொட்ட டயரு வேணுங்குற" என்றார்.

"ஆமா மாமா. பஸ்ஸுக்குத்தான் ஆவாது."

அடித்தட்டில் ஒரு சிவப்புப் பந்து கிடந்தது. கெட்டியான பிளாஸ்டிக், டைல்ஸ் மாதிரி வழவழப்பு. கறுப்புப் பந்தின் எடைதான். பார்க்க மலிவாக இருப்பதால் யாரும் தொடுவதில்லை. பூஜையில் வைத்த சந்தனம் விரல் ஓட்டையில் காய்ந்து அடைத்திருந்தது. தீக்குச்சியால் சுரண்டிக் கொடுத்தேன். மாமா விரலை நுழைத்துப் பார்த்தார். தொளதொளப்பும் இல்லை, இறுக்கமும் இல்லை.

உருட்டினார். அது பாட்டுக்குப் போனது. பாதியைத் தாண்டியது. திரும்பவில்லை. கடைசியில் கொஞ்சம் சாய்ந்து, முன்கட்டைக்கும் பக்கத்துக் கட்டைக்கும் நடுவில் புகுந்தது. இரண்டே கட்டைதான் மிச்சம் நின்றது. மறுபடி உருட்டினார். மறுபடியும் நேராகப் போனது.

மாமா பெஞ்சில் உட்கார்ந்து, இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப, தோளு நல்லாத்தான் இருக்குது."

"நல்லாத்தான் இருக்குது மாமா."

ஞாயிற்றுக்கிழமை முதலாளி மொடமொட வேட்டியில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சிவப்புப் பந்தைப் பார்த்ததும் எதிர் கம்பெனி ஆட்கள் சிரித்தார்கள். மாமா உருட்டிவிட்டதும் ஒருவன், அவர் ரூட்டில் பாதி வழியில் வருகிற ஊரைச் சொல்லி, "அண்ணே, பந்து பி.முட்லூர் தாண்டிட்டுதா?" என்று கேட்டான். முதலாளிகூடச் சிரித்துவிட்டார். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் துடைத்த பந்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். பந்து போய்ச் சேர்ந்தது. கட்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சாய்ந்தன. கடைசி மூலையில் ஒரு கட்டை மட்டும் யோசித்துக்கொண்டே நின்று, அதுவும் விழுந்தது.

கோப்பை கிடைக்கவில்லை, இரண்டாவது இடம்தான். முதலாளி செருப்பை வாங்கிக்கொள்ள என்னிடம் வந்தவர், குனிந்து மாட்டியபடியே மாமாவிடம் சொன்னார்: "காலைல மொத வண்டி. சாவிய ஷெட்டுல வாங்கிக்க."

மாமா சரி என்றார். அவ்வளவுதான் பேச்சு. அவர் பந்தை என்னிடம் கொடுக்க மறந்து, இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பது மாதிரி வைத்துக்கொண்டே நின்றார்.

திங்கட்கிழமை காலையில் அக்கா போன் செய்தாள். பின்னால் பஸ் ஸ்டாண்டு சத்தம் கேட்டது. மாமாவுக்குத் தெரியாமல், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அதே வண்டியில் கடைசி சீட்டில் ஏறியிருக்கிறாள். அவர் கை ஸ்டியரிங்கில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் போனாளாம். பார்த்தியா என்று கேட்டேன்.

"எங்கடா பாத்தேன்? ஆலப்பாக்கத்துல கண்ண மூடுனவ. இப்பதான் கண்டக்டரு தட்டி எழுப்புனான்."