அத்தை அறையின் ஹீட்டர்

குளிர் மலையூரான ரிங்லெட்டில் எங்கள் வீட்டின் பின்பகுதியை வார இறுதி விருந்தினருக்கு விடுகிறோம். அவர்களுக்காக வாங்கிய சுடுநீர்த் தொட்டியைப் போட்டால் போதும், மெயின் சுவிட்ச் விழுந்து வீடே இருண்டுவிடும்.

"உங்க பழைய ஹீட்டராலதான் அத்தை ட்ரிப் ஆகுது" என்றேன், எங்களோடு இருக்கும் மாமியாரிடம். எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. எல்லாம் தெரிந்த மிதப்பு. மூட்டுவலிக்காக அறையைச் சூடாக்க அவர் வைத்திருந்த சின்ன ஹீட்டரைத் தூக்கி ஸ்டோரில் போட்டேன்.

"பரவால்ல மாப்ள, குளிரு எனக்குப் பழகுனதுதான்லா" என்றார்.

அந்த வாரம் முழுக்க மழை. அத்தை இரண்டு ஸ்வெட்டரோடு சுருண்டு கிடந்தார். மருமகன் வீடாயிற்றே, மகளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சனிக்கிழமை விருந்தினர் வந்ததும் தொட்டியைப் போட்டேன். மறுபடியும் இருட்டு. வயர்மேனைக் கூப்பிட்டேன். அவர் தொட்டியின் சூடேற்றும் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு மெயின் சுவிட்சைத் தூக்கினார். விழாமல் நின்றது.

"இதுக்குள்ள தண்ணி எறங்கிருச்சு அண்ணே. மாத்தணும்" என்றார்.

ஹீட்டரைத் திரும்பக் கொண்டுபோய் வைத்து அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க மாப்ள" என்று சிரித்தார்.

புதுக் கம்பி போட்டபின் ஒருமுறைகூட ட்ரிப் ஆகவில்லை. ஆனால் இன்றும் மாலையானால் அத்தை கதவோரம் வந்து நின்று கேட்கிறார்: "மாப்ள, ஹீட்டரப் போட்டுக்கலாமா?"