பூஜை அறைச் சுவரும் ஒரு காற்றுக் குழாயும்

கும்பகோணத்தில் ஆட்சி மாறினால் ரோடு உயரும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தாரைக் கொட்டிவிட்டுப் போவார்கள். இப்படியே முப்பது வருஷத்தில் ரிட்டயர்டு வாத்தியார் சிவசங்கரன் வீட்டுக் கூடம் தெருவுக்கு மூன்றடி கீழே போய்விட்டது. அவர் மாடி கட்டிக்கொண்டு, கக்கூஸையும் அங்கேயே வைத்துக்கொண்டார். வலது பக்கம் பக்கவாதம் வந்த தங்கை காமு மட்டும் கீழே பள்ளத்தில் கிடந்தாள்.

கீழேயே ஒரு கக்கூஸ் வைக்கப் பிளம்பர் வீரையனுக்கு ஆள் விட்டது அவள்தான். கோல் ஊன்றிப் பத்தடி நடப்பாள். படி ஏற முடியாது. மூன்று வருஷமாகக் கட்டிலோரம் ஒரு பேஸின். அதை அண்ணி அகிலாண்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்துப் போவாள்.

"உள்ள போய் தாழ்ப்பாள் போட்டுண்டு உக்காரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள் காமு.

வீரையனுக்கு இவர்களைத் தெரியும். அவன் அப்பா காத்தான் இவர்கள் வயலுக்குத்தான் தண்ணீர் பாய்ச்சினார். கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்த வருஷம் அந்த வேலை போயிற்று. அதுவரையிலும் கொல்லைப்பக்கத்தைத் தாண்டி ஒரு நாளும் அவர் உள்ளே வந்ததில்லை. மகன் கூடத்து நடுவில் உட்கார்ந்து சாக்பீஸால் கோடு போட்டான்.

ரோட்டுச் சாக்கடை கூடத்தைவிட உயரம். அதனால் தரைக்கடியில் தொட்டி கட்டி, மோட்டார் வைத்து மேலே ஏற்ற வேண்டும். அதெல்லாம் ஒரு வேலையா? காற்றுக் குழாயில்தான் கழுத்தறுப்பு வந்தது. தொட்டிக் காற்று போக நேராக மொட்டைமாடிக்கு ஒரு குழாய் வேண்டும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். இருந்த ஒரே வழி, மாடியில் பூஜை அறைச் சுவர், அதுவும் சாமி படம் மாட்டிய இடம்.

"கக்கூஸ் காத்து பெருமாள் முதுகுக்குப் பின்னால போகணுமா? வேற வழி பாருப்பா," என்றார் சிவசங்கரன்.

"வேற வழி இல்லீங்க சார்."

"வளைச்சுக் கொண்டு போயேன்."

வீரையன் அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இந்த வீட்டுக்காரர்கள் சொன்னால் தலையாட்டும் புத்தி அப்பாவோடு போகவில்லையே என்று பின்னால் தன்னையே திட்டிக்கொண்டான். மாடிப்படிக்கு அடியில் புகுந்து, முற்றத்தைச் சுற்றி, ஏழு இடத்தில் வளைத்துக் குழாய் போட்டான். படுக்கையாகப் போன குழாயில் தண்ணீர் தங்கிக் காற்றை அடைத்தது. ஒரு வாளி ஊற்றினால் கக்கூஸ் பீங்கான் களக்களக் என்று கத்தியது. மறுநாளே வீடு நாறியது.

"வேலை தெரியாதவன்கிட்ட குடுத்தா இப்படித்தான்," என்றார் சிவசங்கரன். அகிலாண்டம் மறுபடி பேஸினை எடுத்து வைத்தாள்.

வீரையனுக்குப் பொறுக்கவில்லை. "எங்க வீட்ல காளியம்மன் படம் மாட்டின சுவத்துலதான் சார் குழாய் ஏறுது. இருக்கறது ஒரே ரூமு. ஆத்தா இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல," என்றான். பைக்குள் ரெஞ்சைப் போட்டுக் கிளம்பினான்.

"வீரையன், போகாதீங்கோ," என்றாள் காமு. "மேல போய்ப் பெருமாளைக் கழட்டிக் கொண்டாங்கோ. என்னால மாடி ஏற முடியல. அவர் இறங்கி வரட்டும், என் கட்டில்கிட்ட இருக்கட்டும்."

"காமு, பூஜை ரூமுக்குள்ள இவன்..." என்று தொடங்கினார் சிவசங்கரன்.

"அப்படின்னா பேஸினை இனிமே நீ எடு, அண்ணா."

வீரையன் கால் கழுவிக்கொண்டு மாடி ஏறினான். படத்தை இரண்டு கையாலும் பிடித்து இறக்கிக் கொண்டுவந்தான்.

மூன்றாம் நாள் குழாய் நேராக வானத்தைப் பார்த்து நின்றது. வாளி வாளியாக ஊற்றியும் பீங்கான் வாய் திறக்கவில்லை. காமு கோலை ஊன்றிப் பத்தடி நடந்தாள். பிடித்துவிட வந்த அகிலாண்டத்தை வெளியிலேயே நிறுத்தினாள். கதவைச் சாத்தினாள். இடது கைக்குப் பழக்கமில்லாததால் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.