கணவாய்க்காரி மல்சுன்னின் ஈறு

கணவாய் மீனின் கால் ஒன்றைத் தணலில் வாட்டிக் கிழித்து வாயில் போட்டு மென்றுகொண்டே நிற்கிறாள் மல்சுன். முக்ஹோ துறைமுகச் சந்தையில் அவள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அசையும் தாடைதான் விளம்பரம். பார்ப்பவர்களுக்கு எச்சில் ஊறும். யாராவது பேரம் பேசினால், "மொதல்ல மென்னு பாருங்க. அப்புறமும் வாய் பேசுதான்னு பாப்போம்" என்பாள். பக்கத்துக் கடையில் கடற்பாசி விற்கும் நான் பதினோரு வருஷமாக இதைக் கேட்கிறேன்.

வயது ஐம்பத்தெட்டு. ஆள் சிறிது, குரல் பெரிது. காய்ந்த கணவாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே எந்த வாரம் காயவைத்தது என்று சொல்லிவிடுவாள்.

போன வசந்தத்தில் ஒருநாள் அந்தத் தாடை நின்றது. மென்றுகொண்டிருந்த துண்டை வெளியே எடுத்தாள், அதில் ரத்தம். எதிரே நின்ற வெளியூர்க்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தாள்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ரெண்டு வருஷம் இருக்கும். பல் தேய்ச்சா ரத்தம் வரும். வர்ற பக்கம் தேய்க்கிறதையே விட்டுட்டேன்."

சாமர்த்தியமான காரியம் போலத்தான் சொன்னாள். கீழ்வரிசையில் மூன்று பற்கள் நாக்கு பட்டாலே ஆடின. வலி இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. படகிலிருந்து இறங்கிய கணவர் தால்சூ, எப்போதும்போல் பிள்ளை பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டு, தீர்ப்புச் சொன்னார்: "ஹேவொன் அம்மா, எல்லாத்தையும் பிடுங்கிட்டு செட்டு மாட்டிக்கோ. வேலை முடிஞ்சுது." பல்செட்டால் கணவாயை மெல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பிடுங்கத்தான் கிளம்பினாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள்.

பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் யூரி என்ற பெண், கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லோரமாக ஈறுக்குள் இறக்கி அளவு சொன்னாள். "மூணு. மூணு. அஞ்சு. ஏழு."

ஏழு என்றதும் மல்சுன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். கணவாயில் அளவு கூடினால் விலை கூடும்.

"ஏழு நல்லதில்லம்மா. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல ஏழு மில்லிமீட்டர் பள்ளம். மூணைத் தாண்டக்கூடாது. ரத்தம் வந்த இடத்தைத்தான் மெதுவா, நல்லா தேய்ச்சிருக்கணும். நீங்க விட்டதால அழுக்கு கல்லா இறுகி உள்ள இறங்கிடுச்சு. பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பு கரைஞ்சிருக்கு."

"அந்தக் கல்லை எடுத்தா பல்லு ஆடும். என் நாத்தனாருக்கு அப்படித்தான் ஆச்சு."

"ஆட வெச்சதே அந்தக் கல்லுதாம்மா. ஒட்டிக்கிட்டு நிக்கவும், அது தாங்குற மாதிரி தெரியுது."

மல்சுன் ஆடும் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். "கரைஞ்ச எலும்பு திரும்ப வருமா?"

"பழையபடி வராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, நான்கு முறை, மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கடியில் சுரண்டினார்கள். ஒரு பல் போயிற்று. இரண்டு நின்றன. வீக்கம் வடிந்து ஈறு சுருங்கியதும் பல்லிடுக்குகள் தெரிந்தன. குளிர்ந்த தண்ணீர் கூசியது. "ஏமாத்திட்டாளுங்க! வாய்க்குள்ள காத்தடிக்குது!" என்று சந்தை முழுக்கக் கத்தினாள். இரண்டு நாள் பிரஷ்ஷையே தொடவில்லை. மூன்றாம் நாள், கடைக்குப் பின்னால் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, யூரி கொடுத்தனுப்பிய குட்டிப் பிரஷ்ஷை இடுக்கு இடுக்காக நுழைத்துக்கொண்டிருந்தாள். கோபம் போயிற்றா என்றேன்.

"கோபம் இருக்கு. வேற பல்லு இருக்கா?"

மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். "மூணு. மூணு. மூணு. அஞ்சு."

"எங்கடி அந்த ஏழு?" என்று அதட்டினாள்.

"அதுதாம்மா அஞ்சாயிருக்கு. தேய்க்கிறதை விட்டீங்கன்னா மறுபடி ஏறும்."

மல்சுன் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

போன செவ்வாய்க்கிழமை தால்சூ கரையேறி, கூடையை இறக்கிவிட்டு ஓர் ஆப்பிளைக் கடித்தார். மல்சுன் அதைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். கடித்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு.

"என்ன, ஒரு ஆப்பிள் திங்கக்கூட விடமாட்டியா?" என்றார் அவர்.

அவள் ஆப்பிளைக் கூடையில் போட்டாள். கட்டைவிரலை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, அவர் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பி, மேலுதட்டைத் தூக்கினாள்.