போன் இல்லாத பெண்களுக்குப் போன் ரிப்பேர்

பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகத் தொழில் கற்றுக்கொடுக்கும் வேலையில் சம்பளம் குறைவு, அறிவுரை தாராளம். இதே பாடு படுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு, 'நமக்கு மட்டுமில்லை' என்று ஆறுதல் அடையலாம்.

ஒரே நிபந்தனை

மேற்குத் தாம்பரத்தில், ஹார்டுவேர் கடை மாடியில் செல்போன் சர்வீஸ் வகுப்பு எடுக்கிறேன். பிளஸ் டூவோடு நின்றுபோன பெண்கள் குன்றத்தூருக்கு அப்பாலுள்ள கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். சங்கீதாவைச் சேர்க்க அவள் அண்ணன் முருகேசனே வந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அப்பா இல்லாத வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். எல்லாம் விசாரித்து, தலையாட்டி, படியிறங்கப் போனவன் திரும்பி வந்தான். "நல்லா சொல்லிக் குடுங்க மேடம். ஆனா போனை மட்டும் அது கைல குடுத்துடாதீங்க. பொண்ணு கெட்டுப் பூடும்."

தையல் இல்லாமலா?

எங்களுக்கு உதவும் பெரியவர் ஒருவர் ஒருநாள் தையல் மிஷினோடு வந்து இறங்கினார். பெண்களுக்கான பயிற்சி என்றால் தையல்தான் என்பது அவர் முடிவு. ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக இருந்த பெண்களைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. படம் எடுக்கலாமென்றால் அவர் போனில் சார்ஜ் ஏறவில்லை. சங்கீதா அதை வாங்கி, சார்ஜர் சொருகும் இடத்தில் அடைத்திருந்த பஞ்சைச் சுரண்டி எடுத்தாள், உயிர் வந்தது. அவர் நெகிழ்ந்துபோனார். "ரொம்ப தேங்க்ஸ்மா! இப்ப அந்த மிஷின் முன்னாடி போய் உட்காரு, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

வாசலோடு சரி

பயிற்சி முடியும் நேரத்தில், கீழ்க்கட்டளையில் செல்போன் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் சங்கீதாவுக்கு வேலை தருவதாகச் சொன்னார். சந்தோஷமாக வீட்டுக்கு ஓடியவள், மறுநாள் முதல் வகுப்புக்கே வரவில்லை. நேரில் போனேன். முருகேசன் வாசலை விட்டு நகரவில்லை. உள்ளே அவள் அழுவது கேட்டது. ஏன் அனுப்பவில்லை என்று சத்தம் போட்டேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "கடைனா நாலு ஆம்பள வருவான் மேடம். அதுக்கு மாப்ள பாத்துகினு கீறோம்."

அண்ணனின் போன்

அடுத்த வாரம் முருகேசனின் போன் ஆட்டோவிலிருந்து விழுந்து டிஸ்ப்ளே நொறுங்கியது. எங்களிடம் ரிப்பேருக்குக் கூலி கிடையாது என்பது ஞாபகம் வர, அவனே தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அவள் புது டிஸ்ப்ளே போட்டு முடித்து, "லாக் நம்பர் சொல்லுண்ணா, எல்லாம் வேலை செய்யுதான்னு பாக்கணும்" என்றாள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் நாங்கள் போனைத் திருப்பிக் கொடுப்பதில்லை. முருகேசனுக்கு வியர்த்துவிட்டது. "நானே பாத்துக்கறேன்" என்று பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"கடைக்கு அனுப்பலன்னா வூட்லதான்ணா சும்மா இருப்பேன். நீ தூங்கறப்போ பொறுமையா செக் பண்ணி வெக்கிறேன். லாக் எடுக்கக்கூட மிஸ் சொல்லிக் குடுத்துகீறாங்க."

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

முருகேசன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சட்டைப்பையைத் தடவிக்கொண்டான். "திங்கக்கெழமைலேர்ந்து கடைக்குப் போட்டும் மேடம். வேலைய மட்டும் வூட்டுக்கு எடுத்துனு வர வோணாம்னு சொல்லிடுங்க."

பெண் கல்வியைப் பற்றி நான் எத்தனை பேசியும் இளகாத ஓர் அண்ணன், தன் போனின் மேல் வைத்த அக்கறையால் ஒரே நிமிடத்தில் முற்போக்குவாதி ஆகிவிட்டான்.